மூலமூச்சு

ஆறு மூச்சளவிகளைக் கட்டியிருக்கும்போது யுவஸ்ரீ சட்டென்று குனிய மாட்டாள். விலாவைச் சுற்றிய பட்டைகளில் இருக்கும் வில்லைகள் ஒன்றோடொன்று உரசிக் காட்டிக்கொடுத்துவிடும். தொளதொளவென்று ஒரு குர்தா, மேலே துப்பட்டா, நிமிர்ந்த முதுகு. பார்க்கிறவர்களுக்கு அவள் தியானத்துக்கென்றே பிறந்தவள் மாதிரி தெரியும்.

காலை ஆறே கால் மணி. விடுதியின் அமைதிக்கூடத்தில் இருநூறு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கூரையிலிருந்து வந்த குரல் இழுக்கச் சொன்னபோது மூச்சை இழுத்தார்கள், விடச் சொன்னபோது விட்டார்கள். வில்லை ஒவ்வொரு மூச்சின் நீளத்தையும் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தையும் அளந்து, வார்டன் அறையிலிருக்கும் நிலைப்பலகைக்கு ஒரு நிறமாக அனுப்பியது. நிதானமென்றால் பச்சை, தடுமாற்றமென்றால் மஞ்சள், அதற்கும் மேலே சிவப்பு.

படிக்கிற பிள்ளைகள் மனம் உடைந்துபோகிறார்கள் என்று ஊரே கவலைப்பட்ட காலத்தில் வந்த கருவி அது. நல்ல எண்ணத்தோடு வந்ததுதான். ஆனால் கல்லூரி என்பது எதைக் கையில் எடுத்தாலும் அதற்கு ஒரு சதவீதம் வைத்துவிடும். வருகைப்பதிவு எழுபத்தைந்து போல நிதானமும் எழுபத்தைந்து. குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு விழுந்தால் வீட்டுக்கு ஃபோன் போகும்.

சதவீதம் வந்த இடத்துக்கு ப்ராக்ஸியும் வந்து சேர்ந்தது. வகுப்பில் அடுத்தவளுக்காக "ப்ரெசென்ட் மேம்" சொல்லிப் பழகிய பிள்ளைகள், இங்கே அடுத்தவளுக்காக மூச்சும் விட்டார்கள். மனநலத் தகவல் அந்தரங்கமானது என்று சட்டம் இருந்ததால், தான் யார் உடம்பில் இருக்கிறோம் என்று அறிய வில்லைக்கு அனுமதி இல்லை. வரிசை எண் மட்டும்தான் அதற்குத் தெரியும்; அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவள் பெயரில் பலகை நிறம் காட்டும்.

யுவஸ்ரீ தர்மபுரிக்காரி, மூன்றாம் ஆண்டு. பாடத்தில் நடுத்தரம்தான், மூச்சில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான்கு எண்ணி இழுப்பாள், நான்கு எண்ணி நிறுத்துவாள், ஆறு எண்ணி விடுவாள். படியேறினாலும் அந்தக் கணக்கு பிசகாது. கட்டியிருந்த ஆறில் ஒன்று அவளுடையது. நான்கு, காலையில் எழுந்திருக்க அலுத்துக்கொள்ளும் தோழிகளுடையவை. ஆறாவது அவளது அறைத்தோழி ஜெனிஷாவுடையது.

ஜெனிஷா சோம்பேறி இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து, முதல் வருடம் முழுக்க அந்த விடுதியையே சிரிக்க வைத்தவள். இப்போது தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. காலை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லிருவேன்ட்டி," என்றாள் ஒருநாள். "ஒண்ணுமே இல்லாம நெஞ்சு மேல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

"வார்டன் மேடம்கிட்ட சொல்லலாம்டி."

"சொன்னா செவப்பு. செவப்புன்னா அப்பா வந்துருவாவ. எங்க பெரியப்பா மவள இப்படித்தான் ரெஸ்ட் எடுக்கட்டும்னு கூட்டிட்டுப் போனாவ. அப்புறம் அவ காலேஜ் பக்கமே வரல, கட்டிக் குடுத்துட்டாவ. நீ கொஞ்ச நாளு மட்டும் எனக்குச் சேத்து விடு. நான் சரியாயிருவேன்."

யுவஸ்ரீ அதை உதவி என்றுதான் நினைத்தாள். கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். சாயங்காலங்களில் ஜெனிஷா எங்கோ போய்விட்டு வரும்போது அவள் துப்பட்டாவில் புளித்த மாவு வாசனை வரும். மெஸ்ஸில் ஏதோ சாப்பிட்டுவிட்டு வருகிறாள், தேறிவிட்டாள் என்று யுவஸ்ரீ நிம்மதி அடைந்தாள். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பலகையில்தான் பச்சை எரிகிறதே.

நாற்பத்தொன்றாம் நாள் அறிவிப்பு வந்தது. சிவப்பின் விளிம்பிலிருந்து முழுப் பச்சைக்கு வந்து, ஒருநாள்கூட இறங்காத மாணவி ஜெனிஷா. கல்லூரியின் ஆண்டு விழாவான நிதானத் திருநாளில் அவள் மேடையில் அமர்ந்து மூச்சு விடுவாள். அது பெரிய திரையில் அலையாக ஓடும். அவளுடைய இந்த நாற்பத்தொரு நாள் அலையையே மூலமூச்சாக வைத்து, அடுத்த பருவத்திலிருந்து நாற்பது கல்லூரிகளுக்குப் பயிற்சி தரப்போவதாகக் கருவியைச் செய்த நிறுவனம் சொன்னது. வீட்டுக்கு ஃபோனும் போயிற்று, மகிழ்ச்சியான ஃபோன்.

"அப்பா அழுதுட்டாவ," என்றாள் ஜெனிஷா. "கோயில்ல பூசை முடிஞ்சதும் எல்லார்ட்டயும் சொல்லிட்டாவளாம், எம்மவதான் காலேஜ்லயே அமைதியான பிள்ளைன்னு."

"பயப்படாத. முதல் வரிசையில நான் உக்காந்துக்கறேன். உன்னோடத நான்தானே கட்டியிருப்பேன். திரையில என் மூச்சுதான் ஓடும்."

ஜெனிஷா சரி என்று தலையாட்டினாள். அவள் முகத்தை யுவஸ்ரீ அப்போதாவது பார்த்திருக்கலாம்.

திருநாளன்று மாலை ஐந்து மணிக்கு, விழாவுக்காக ஆறு வில்லைகளையும் கட்டிக்கொண்டு யுவஸ்ரீ அறைக்கு வந்தபோது ஜெனிஷா இல்லை. கட்டிலில் ஃபோன் கிடந்தது. அதனடியில் மேடைப் பேச்சுக்கான காகிதம். பின்பக்கத்தில் ஒரே வரி. "என்னால முடியலட்டி. நீ நல்லா மூச்சு விட்ட."

யுவஸ்ரீ வார்டன் அறைக்கு ஓடினாள். மரகதமணி மேடம் பட்டுச்சேலை கட்டி, விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஜெனிஷாவக் காணோம். ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயமா இருக்கு."

மேடம் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இங்க பாரு கண்ணு. பச்சையாத்தானே எரியுது? எங்கியோ மரத்தடியில உக்காந்து பழகிட்டு இருக்குமாட்ட இருக்குது. விடு, வந்துரும்."

"அந்தப் பச்சை நான்தான் மேடம்."

மேடத்துக்குப் புரியவில்லை. யுவஸ்ரீ எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே ஒன்று உறைத்தது: அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. மூன்று மாடி ஓடி வந்திருக்கிறாள், உள்ளே குலை நடுங்குகிறது, ஆனால் நெஞ்சு நான்கு எண்ணி இழுத்து, நான்கு நிறுத்தி, ஆறில் விட்டுக்கொண்டிருந்தது. பலகையில் அவள் பெயரிலும் பச்சை அசையாமல் எரிந்தது.

"சினேகிதியக் காணோம்னு வந்தவ இப்பிடியா நிப்ப?" என்றார் மேடம். "அந்தப் புள்ளைக்குப் பேரு வந்ததுல உனக்கென்னமோ பொறுக்கல."

யுவஸ்ரீ அழ முயன்றாள். அழுகை வரவில்லை. அந்தக் கணம் அவள் தன் உடம்பை வெறுத்தாள். பிறகு குர்தாவுக்குள் கைவிட்டு, பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பலகையில் ஒவ்வொரு பெயராக அணைந்தது. ஆறாவதாக ஜெனிஷா அணைந்தாள். மேடம் காவலாளிகளைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். "ஐயோ சாமி," என்றார், சத்தமே இல்லாமல்.

காவலாளிகள் கேட்டுக்கு ஓடினார்கள். யுவஸ்ரீ நின்ற இடத்திலேயே யோசித்தாள். இத்தனை நாளில் ஜெனிஷாவைப் பற்றி அவளுக்கு உண்மையாகத் தெரிந்தது என்ன? ஒரு வாசனை மட்டும்தான், புளித்த மாவின் வாசனை.

மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த மாவரைக்கும் அறைக்கு ஓடினாள். வளாகம் முழுக்க மெல்லிய தடுப்புச் சுவர்கள். ஒரு விசும்பல்கூடப் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும். ஐந்து மணிக்கு நாலு கிரைண்டர்கள் ஒன்றாக ஓடும் அந்த அறையில்தான் ஒருத்தி வாய்விட்டு அழ முடியும். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், விழாச் சேலையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஜெனிஷா. உயிரோடிருந்தாள்.

யுவஸ்ரீ பக்கத்தில் போய் உட்கார்ந்து, பழக்கத்தில், "இழு, நாலு வரைக்கும் எண்ணு," என்றாள்.

"வேண்டாம்ட்டி," என்றாள் ஜெனிஷா, விக்கலுக்கு நடுவில். "எனக்காக நீ விட்டது போதும். சும்மா பக்கத்துல இரி."

யுவஸ்ரீ சும்மா இருந்தாள். அப்பா வந்து சேரும்வரை கையை விடவில்லை. அவர் மகளைத் திட்டவில்லை. படிப்பைப் பற்றிப் பேசவும் இல்லை. ஊருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். மருந்தும் பேச்சுமாக மாதங்கள் பிடித்தன. யுவஸ்ரீக்கும் மற்ற நால்வருக்கும் அந்தப் பருவம் ஹால் டிக்கெட் இல்லை. சட்டத்தைத் திருத்தினார்கள், அணிகிறவரை அடையாளம் காணும் புது வில்லைகள் வந்தன. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் மட்டும் யுவஸ்ரீயைத் தேடி வந்தார்.

"இவ்வளவு சுத்தமான அலைய நாங்க பாத்ததே இல்லம்மா. யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"யாரும் கத்துக் குடுக்கல சார். சின்ன வயசுல எனக்கு வீசிங். ஏழு வயசுல, ஒரு மழை நாள்ல, மருந்து தீந்துபோச்சு. அம்மா ஆட்டோ தேடி ஓடிட்டாங்க. வீட்ல நான் மட்டும். அழுதா மூச்சு அடைச்சிடும்னு தெரியும். அதனால எண்ண ஆரம்பிச்சேன். நாலு, நாலு, ஆறு. எண்ணுறத விட்டா செத்துருவேன்னு நெனச்சேன். இன்னும் விடல. அது அமைதி இல்ல சார். பயம்."

பொறியாளர் கிளம்ப எழுந்தார். "நாப்பது காலேஜுக்கு ஏத்தியாச்சும்மா," என்றார். "பயம்னாலும் அளவு சரியாத்தான் இருக்கு."

அடுத்த பருவத்தின் முதல் காலை. அமைதிக்கூடத்தில் புது வருடத்துப் பெண்கள் இருநூறு பேர். ஜெனிஷா திரும்பி வந்து யுவஸ்ரீக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்தாள். அவள் வில்லை பலகைக்கு மஞ்சளைத்தான் அனுப்பியது, அவள் அதை மறைக்கவில்லை. கூரையிலிருந்து குரல் எண்ணத் தொடங்கியது. நாலு. நாலு. ஆறு. இருநூறு நெஞ்சுகள் ஒன்றாக ஏறி, நின்று, இறங்கின. வீட்டில் தனியாக உட்கார்ந்து அம்மாவின் ஆட்டோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பெண்ணின் மூச்சு அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது.

பலகையில் மற்றதெல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். யுவஸ்ரீ கண்களைத் திறந்தாள். முதல் வரிசையின் ஓரத்திலிருந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள்.