மலைச்செடி வீட்டின் கதவு

மலைச்செடி வீட்டின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் ஈரமாக, அப்போதுதான் எடுத்ததுபோல. உள்ளே ஆள் யாரும் தெரியவில்லை.

ஈஸ்வரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எண்பத்தொன்பது நவம்பரின் அந்த மாலையில் அவளுக்கு வேறு கவலை. மகள் ராஜியின் வகுப்புத் தோழியுடைய தாய் ஹெலன், முதன்முறையாக அவர்களை லண்டனின் தாவரப் பூங்காவுக்குக் கூட்டி வந்திருந்தாள். அந்த வெள்ளைக்காரிக்கு முன்னால் மரியாதை கெடக்கூடாதென்று ஈஸ்வரி புதுச் சிவப்புக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படாத பாடு பட்டாள். வீட்டில்கூட ராஜியோடு தமிழ் பேசுவதில்லை என்று பெருமையடித்தும் ஆயிற்று.

பூங்காவின் மற்றக் கண்ணாடி வீடுகளெல்லாம் வேர்க்க வைத்தன. இந்த ஒன்றுக்குள் மட்டும் குளிர். ஆல்ப்ஸ் மலையுச்சிச் செடிகளுக்கு அதுதான் வேண்டுமாம். கற்களுக்கிடையே குட்டித் தலையணைகள்போல் தரையோடு ஒட்டிக் கிடந்தவற்றை ஹெலன் குனிந்து குனிந்து ரசித்தாள். விசிறிகள் விடாமல் முனகின. ஈரக் கல்லின் வாடையும், அதற்குள் எங்கிருந்தோ நனைந்த கம்பளியின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின.

"பிள்ளை, தமிழோ?"

பின்னால் ஒரு பெண் நின்றாள். மங்கிய சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு, செருப்புக்குள் சொக்ஸ். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

"கதவு எனக்குத் திறபடுகுதில்லை. நான் சொல்லுறது ஒருத்தருக்கும் விளங்குதில்லை. என்னையும் வெளியில கூட்டிக்கொண்டு போ, பிள்ளை."

ஹெலன் நிமிர்ந்து, தெரிந்தவரா என்று கேட்டாள். ஈஸ்வரிக்கு முகம் எரிந்தது. அந்தச் செருப்பையும் சொக்ஸையும் பார்க்கவே கூசியது. லண்டனுக்கு வந்திறங்கிய நாளில் அவளும் அப்படித்தான் நின்றாள்.

"ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்" என்றாள் அந்தப் பெண்ணிடம். ராஜியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பூங்கா மூடும் மணி கேட்டது. பாதி வழியில் அவளுக்குக் கால் எழவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு கதவைத் திறந்துவிட எனக்கென்ன கேடு? கையுறையை விட்டுவிட்டதாக ஹெலனிடம் பொய் சொல்லி, ராஜியை அவளோடு நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடினாள்.

கதவு லேசாகத் திறந்தது.

"வாங்கோ அம்மா, நான் கூட்டிக்கொண்டு போறன். குறை நினையாதேங்கோ."

உள்ளே அந்தப் பெண்ணைக் காணவில்லை. விசிறிகள் நின்றிருந்தன. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தள்ளினாள். இழுத்தாள். அசையவில்லை.

நனைந்த கம்பளி வாடை. மிக அருகில். அவள் மேலிருந்தே வந்தது.

குனிந்து பார்த்தாள். ஆண்பிள்ளைக் கோட்டு. செருப்பு. சொக்ஸ்.

வெளியே, பாதையில், சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி ஹெலனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஹெலன் ஏதோ கேட்டாள். அவள் ஈஸ்வரியின் முகத்தால் சிரித்தாள்.

ஈஸ்வரி கண்ணாடியில் அறைந்தாள். ஆங்கிலத்தில் கத்தப் பார்த்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

"ராஜி, அம்மா இஞ்சை நிக்கிறன். பிள்ளை, இஞ்சை பார்."

ராஜி திரும்பினாள். கண்ணாடியருகே வந்து அண்ணாந்து பார்த்தாள். உள்ளே அசையும் நீல உதடுகளை உற்றுக் கவனித்தாள். பிறகு, தாய் பழக்கியிருந்த அதே மரியாதையோடு சொன்னாள்.

"ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

ஓடிப்போய்ச் சிவப்புக் கோட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.