கடலுக்கு ஆசைப்பட்டவள்

முதல் படகு ஊதுவதற்கு முன்பே மாமியார் பீரோவோடு பேச ஆரம்பித்துவிட்டார். மருமகளோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து மாதக்கணக்காகிறது. ஆனால் அவள் காதில் விழ வேண்டியதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! பதில் பேசாமல் கேட்டுக்கொள்ள அந்த வீட்டில் பீரோதான் இருந்தது.

"கேட்டியா பீரோ... நீயும் நானும் இன்னையோட இந்த உப்புக்காட்டை விட்டுப் போறோம். கடலைப் பாக்கணும்னு ஆசைப்பட்டவங்க இருந்து பாக்கட்டும். வயிறு முட்டப் பாக்கட்டும்!"

சமையலறையில் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

படகுத்துறை ஊர் அது. ஒரே தெரு, தெரு முடியும் இடத்தில் ஒரு சரிவு, சரிவின் அடியில் வண்டிகளையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் பெரிய தட்டைப் படகு. அங்கே கடிகாரம் யாருக்கும் தேவையில்லை, படகின் ஊதல் போதும். ஒரு தடவை ஊதல் பழுதாகிவிட, பள்ளிக்கூடத்தை யாருமே விடாமல், பிள்ளைகள் உள்ளேயே வளர்ந்து மீசையோடு வெளியே வந்ததாகச் சொல்வார்கள். உப்புக்காற்றைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கொடியில் உலர்த்திய சட்டையைக் கீழே நிறுத்தினால், ஆள் இல்லாமலே நிற்கும்.

குடும்பம் இங்கே குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. அதுவரை உள்நாட்டில் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த மூத்த மகன், திடீரென்று வேலையை விட்டுவிட்டு இந்தப் படகின் இன்ஜின் அறைக்கு வந்து சேர்ந்தான். காரணம் உறவுக்காரர்கள் அனைவருக்கும் மனப்பாடம். மருமகள்தான் எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்: "எனக்குக் கடல் பக்கத்துல இருக்கணும்னு ஆசையா இருக்கு, அத்தை." சொன்ன கையோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் தையல் கடையையும் மூடினாள்.

அவ்வளவு ஆசைப்பட்டவள், வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கடலை நிமிர்ந்து பார்த்ததில்லை. தண்ணீரைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். அதை யாரும் கவனிக்கவில்லை. திட்டுகிறவர்களுக்கு எத்தனை வேலை இருக்கும்!

கணவன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "இன்னைக்காவது சொல்லிடவா?"

"வேணாங்க... என் மேல சத்தியம்."

"அம்மா பீரோவோட கிளம்பிட்டாங்கடி. கிழவியைத் துரத்தி விட்டுட்டான்னு ஊரே உன்னைத்தான் பேசும்."

"பேசட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, கத்தி அதே வெங்காயத்தை மூன்றாம் முறையாக நறுக்கிக்கொண்டிருந்தது. ஊர் பேசுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். டைபாய்டில் அவள் விழுந்து கிடந்தபோது, இரவெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றியவர் இந்த மாமியார்தான். அவர் தன்னை வெறுத்துக்கொண்டே வாசலைத் தாண்டிப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. இறங்கியவன் சின்னவன், இவள் கொழுந்தன். அதே பணிமனையில் இன்னமும் வேலை செய்கிறவன். இப்போது அங்கேயே குடியிருக்க ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போக வாடகை வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"வாடா என் செல்லமே! பாரு, எப்படி இளைச்சுட்டே!" என்றார் மாமியார். சட்டைப் பொத்தான்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன அவனுக்கு. "ஒரு குறை சொல்ல விடாம வேலை பாக்குறவன் இவன். இன்னொருத்தனும் இருக்கானே... பொண்டாட்டி கடல்னா கடல், மலைன்னா மலை. நாளைக்கு நிலாவுக்குப் போகணும்னு சொன்னா ஏணி தேடுவான்!"

சின்னவன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பீரோவின் ஒரு முனையைத் தூக்கினான்.

வேன் படகில் கடைசி வண்டியாக ஏறியது. அக்கரைவரை வழியனுப்ப மருமகளும் ஏறினாள். கணவன் இன்ஜின் அறைக்குள் இறங்கிப்போனான். வேனின் பின்கதவு சரியாகச் சாத்தவில்லை; பீரோ அவ்வளவு பெரியது. அதை யாராவது கொண்டுபோய்விடுவார்களாம்! நடுக்கடலில், பீரோவை! மாமியார் வேனுக்குப் பின்னாலேயே முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். முதுகுக்குப் பின்னே படகின் தடுப்புச் சங்கிலி, அதற்குப் பின்னே தண்ணீர்.

நடுவழியில் ஒரு பெரிய அலை வந்தது. எவ்வளவு பெரியது என்று கேட்டால், கேட்கிறவர் எவ்வளவு தாங்குவாரோ அவ்வளவு பெரியது. படகின் மூக்கு மேலே எழும்ப, வேன் மெல்லப் பின்னால் உருண்டது.

மருமகள்தான் பார்த்தாள். தலை சுற்றலையும் மறந்து பாய்ந்தாள். மாமியாரின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு!

"ஐயையோ! கடல்ல தள்ளப் பாக்குறாளே! பாருங்க, எல்லாரும் பாருங்க..."

பார்த்தார்கள். மாமியார் இருந்த இடத்தில் இப்போது வேன் இருந்தது. முக்காலி அப்பளமாகிக் கிடந்தது. சங்கிலி முறுக்கேறி முனகியது. அதற்குள் கீழேயிருந்து ஓடிவந்த மூத்தவன் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். இந்த ஒரு வருடமாக மனைவியைத் தவிர யாரிடமும் ஐந்து வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாத மனிதன் அவன். ஒரு வருடத்துப் பேச்சும் ஒன்றாகக் கிளம்பியது.

"மறுபடியும் ஹேண்ட் பிரேக் போடலையாடா நீ? பணிமனைல பஸ்ஸை உருட்டிவிட்டு மேனேஜர் ரூம் சுவரை இடிச்சியே, அது பத்தலையா? நான்தான் செஞ்சேன்னு சொல்லி என் வேலை போச்சே, அது பத்தலையா? இப்ப அம்மாவையும்..."

"என்னங்க... போதும்!" என்று மருமகள் அவன் வாயைப் பொத்த ஓடினாள். தாமதமாகிவிட்டது.

படகே காதைத் தீட்டிக்கொண்டது. ஆட்டை ஏற்றி வந்தவர்கூட அதன் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா சொல்றான் இவன்?" மாமியாரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அது... பிரேக் கொஞ்சம் லூசா இருந்துச்சும்மா..." என்று ஆரம்பித்த சின்னவன், அம்மாவின் கண்களைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "ஆமாம்மா. நான்தான். அன்னைக்கு என் வேலை நிரந்தரமாகல. தெரிஞ்சா என்னைத் துரத்தியிருப்பாங்க. அண்ணன்தான் முன்னால போய் நின்னாரு..."

"அப்ப கடல் ஆசை?"

"அது அண்ணி சும்மா சொன்னதும்மா," என்று சின்னவன் விக்கினான். மாமியார் மருமகளின் பக்கம் திரும்பினார். மாதங்களுக்குப் பிறகு, பீரோவை விட்டுவிட்டு, நேராக அவளிடம்.

"ஏண்டி... என்கிட்ட ஏன் மறைச்சே?"

"சொன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, அத்தை?"

"என்ன பண்ணுவேனா? என் பெரிய பிள்ளையை எப்படிடா வெளியே அனுப்பலாம்னு அந்த மேனேஜரை நடுரோட்டுல நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்!"

"அதான் சொல்லல. நாலாவது வார்த்தையிலயே சின்னவர் வேலையும் போயிருக்கும்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது.

"பாவி... படுபாவி! என் வாயால உன்னை எத்தனை பேச வச்சுட்டே! என்னை இப்படிக் கெட்டவளாக்கி வேடிக்கை பாத்தியே!" மன்னிப்பு கேட்பதிலும் பழியை மருமகள் மேலேயே போடுகிற திறமை அவருக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்த பிடி இருக்கிறதே, அலை வந்தாலும் பிரிக்க முடியாது. "என் தாயே... என்னை மன்னிச்சுடும்மா..."

மருமகளும் அழுதாள். இந்த முறை வெங்காயம் இல்லாமல். படகில் இருந்த அத்தனை பேரும் அழுததில் கடல் ஒரு சாண் உயர்ந்ததாக டிக்கெட் கிழிப்பவர் இன்றைக்கும் சொல்கிறார்.

அக்கரை வந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்: "வேனை இறக்காதே. பீரோ வீட்டுக்குத் திரும்புது. வாடி, போகலாம்."

"நீங்க போங்க, அத்தை. நான் இங்க இறங்கிக்கறேன்."

"என்னது! எங்கடி?"

"எங்கேயும் இல்ல. இந்தக் கரைல கொஞ்சம் நடந்துட்டு, ஒரு இடத்துல உக்காந்துட்டு, கடைசிப் படகுல வரேன்."

"கோபமா?"

மருமகள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல, அத்தை. அசதி. ஒரு வருஷமா எல்லார் கோபத்தையும் நான் ஒருத்தியே தூக்கிட்டு இருந்தேன். இப்ப இறக்கி வச்சாச்சு. கை வலிக்குது. இன்னைக்கு ஒரு நாள் யாரோட முகத்தையும் பாக்காம இருக்கணும் போல இருக்கு."

"அப்ப மத்தியானச் சமையல்?" என்று கேட்டான் சின்னவன், இன்னும் விக்கிக்கொண்டே.

"நீதாண்டா செய்யப் போறே!" என்றார் மாமியார்.

மருமகள் செருப்பைச் சரிசெய்துகொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரச் சரிவில் தனியாக ஏறி நடந்தாள். கணவன் கூப்பிட வாயெடுத்தான். மாமியார் அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"கூப்பிடாதே! போகட்டும். அவ இஷ்டம். எப்ப வரணுமோ அப்ப வருவா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு... அவ ஏறாம கடைசிப் படகு ஒரு விரக்கடை நகர்ந்துச்சு, உன் இன்ஜினை நானே கழட்டிக் கடல்ல வீசிடுவேன். தெரிஞ்சுக்கோ."

கடைவீதித் திருப்பத்தில் அவள் முந்தானை ஒரு முறை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மாமியார் மட்டும் நெடுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு, முக்காலி இல்லாததால் நின்றுகொண்டே இருந்தார்.