இரண்டு பக்கமும் கேட்டவன்

யதுர்ஷனுக்குத் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது.

காலை முழுக்க லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு கடையில் அரிசி மூட்டை இறக்கியவன். மத்தியானத்துக்கு மேல் அதே கடையின் பின்னறையில் தமிழ் வாரப் பத்திரிகை நிருபர்.

போன் அலறியது!

"தம்பி..." தயாளினி. அக்காவின் சிநேகிதி. புறநகர் கூசேன்வில்லில் அவள் வீட்டில்தான் அவனுடைய அக்கா கோசலை புருசனுக்குப் பயந்து ஒளிந்திருந்தாள். "உன்ர அத்தான் கத்தியோட வந்தவர்... அக்கா செத்துப்போனாடா!"

மூட்டைமேல் சரிந்தான்.

ஒரு மணி நேரத்தில் மரியான் வந்தாள். பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பிரெஞ்சுப் பொலிஸ் அதிகாரி.

"புருஷன் புடிபட்டுட்டான், மெசியே."

"அக்கா அங்கை நிக்கிறா எண்டு ஆர் சொன்னது?" மேசையில் குத்தினான். "எனக்கும் தயாளினிக்கும்தான் தெரியும். அவள்தான் காட்டிக் குடுத்தவள்! பேரைப் போட்டு எழுதுவன்!"

"ரெண்டு பேருக்குத் தெரியும்... காட்டிக் குடுத்தது நீங்க இல்லன்னு யார் முடிவு பண்ணது?"

"விசர்க்கதை! அவ என்ர கூடப்பிறந்தவ!"

"சரி. அக்கா உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

அவன் குரல் இறங்கியது.

"அவர் அடிக்கிறதைப் பேப்பரில போடச் சொன்னவ. அவர் சங்கத் தலைவர். மேடையில மாலை... வீட்டில பெல்ட். சனம் நம்பேல்லை. கையில சிகரெட் சுட்ட காயத்தைக் காட்டினவ..."

"நீங்க?"

"வேற சாட்சி இருக்கோ எண்டு கேட்டனான்."

மரியான் அதைக் குறித்துக்கொண்டாள்.

"அக்கா எண்டதுக்காகப் பக்கம் சாயேலாது! ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதுவன் எண்டனான்."

"கேட்டீங்களா?"

"ஓம். முந்தநாள் அத்தானுக்குப் போன் அடிச்சு..."

பாதியில் நிறுத்தினான்.

தன் குரலே காதுக்குள் திரும்பக் கேட்டது.

'அத்தான், தயாளினி வீட்டை போய் அக்கான்ர கதையைக் கேட்டிட்டன். இனி உங்கட பக்கத்தைச் சொல்லுங்கோ.'

தோள் வலி போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரியதொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"அவர் சிரிச்சவர்..." என்றான். "'உன்னைப்போல நடுநிலையான ஆள் இஞ்சை இல்லை, மச்சான்' எண்டவர். எனக்கு... எனக்கு அது பெருமையா இருந்தது!"

மரியான் மேசையில் கிடந்த பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

"அக்காவுக்கு ஒரு செய்தி பாக்கி வச்சிருக்கீங்க, மெசியே. எழுதுங்க... இந்தத் தடவ உங்க பக்கத்தையும் கேட்டுட்டு!"