துவைக்காத டீ-ஷர்ட்

கள்ளிக்குப்பத்தில் டில்லிபாபு வீட்டு ஆடுகளை முதல் தடவை பார்க்கிறவர்கள் சிரிக்காமல் போனதில்லை. எல்லாமே முழங்கால் உயரம்தான்.

"இன்னா டில்லி, ஆடு கேட்டா நாய்க்குட்டி குடுத்து அனுப்பிட்டானுங்களா?" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

"உயரத்தைப் பார்க்காதே மாமே, மடியைப் பாரு" என்பார் டில்லிபாபு.

அவை பாலுக்காக வளர்க்கும் குட்டை ரக ஆடுகள். டில்லிபாபு பாடியில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அதனால் ஆடுகளைப் பெரும்பாலும் கவனிப்பது அவருடைய பத்து வயது மகள் ஜோதிகாவும் அவள் அம்மா பானுப்பிரியாவும்தான். தரையோடு தரையாக இருக்கும் மடியைக் குனிந்து கறக்க முடியாது. அதனால் ஒரு பழைய பெஞ்சின் மேல் ஆட்டை ஏற்றி நிறுத்திக் கறப்பாள் அம்மா. நேரம் வந்தால் ஆடுகள் தாமாகவே பெஞ்சில் ஏறி நின்றுவிடும்.

"பாவம், வீட்டுப்பாடம் செய்யாம வந்துட்டாங்கபோல" என்பாள் ஜோதிகா. அவள் தம்பி வெற்றி விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஆனால் மிளகு குட்டி போட்ட வாரம் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மிளகு கறுப்பு ஆடு. அதற்கு அது முதல் பிரசவம். சனிக்கிழமை மதியம் வலி எடுத்து வெகுநேரம் தவித்தது. கடைசியில் ஒரே ஒரு குட்டி ஈரமாக வெளியே வந்து விழுந்தது. அது அசையவில்லை.

"துணி கொண்டாடி, சீக்கிரம்!" என்று கத்தினாள் அம்மா.

ஜோதிகா ஓடினாள். கொடியில் கைக்குக் கிடைத்தது அவளுடைய நீல டீ-ஷர்ட். பள்ளி விளையாட்டு விழாவுக்காகக் கொடுத்தது, முதுகில் 'நெய்தல்' என்று அவள் அணியின் பெயர் இருக்கும். ஒரு நொடிகூட யோசிக்காமல் அதை உருவிக்கொண்டு வந்து குட்டியைத் துடைத்தாள். தேய்க்கத் தேய்க்கக் குட்டி மூச்சு விட்டது. மிளகு அதை நக்கியது. 'ம்ம்ம்' என்று தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் கொடுத்தது. அப்படி ஒரு சத்தத்தை ஜோதிகா அதற்கு முன் கேட்டதில்லை.

டீ-ஷர்ட்டில் சுற்றிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள் ஜோதிகா. இருட்டுவதற்குள் குட்டியின் மூச்சு அடங்கிவிட்டது.

நைனா டில்லிபாபு வேலையிலிருந்து வந்து முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். யாரும் பேசவில்லை.

மிளகு மட்டும் பேசியது. பேசியது என்ன, கத்தியது. காலையில் எழுந்தபோதும் கத்திக்கொண்டே இருந்தது. அகத்திக்கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. மடி கனத்துப் போயிருந்ததால் அம்மா கொஞ்சம் பாலைக் கறந்துவிட்டாள்.

"இந்த டீ-ஷர்ட் நாறுது பாரு. குடு, ஊற வைக்கிறேன்" என்றாள் அம்மா.

"வேணாம்மா."

"இன்னாடி வேணாம்? வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. எத்த போட்டுகினு ஓடுவே?"

"வேணாம்னா வேணாம்!" ஜோதிகா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீரில் போட்டால் அந்தக் குட்டி இரண்டாம் தடவையும் போய்விடும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

அன்றைக்கே மதியம் இன்னொரு ஆடான வெல்லமும் குட்டி போட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று!

"மூணு!" என்று வெற்றி குதித்தான்.

அம்மா குதிக்கவில்லை. ஆட்டுக்குக் காம்பு இரண்டுதான். பெரிய குட்டிகள் இரண்டும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொண்டன. கடைசியாகப் பிறந்த பொடிக்குட்டியை முட்டித் தள்ளின. அந்தக் குட்டி உள்ளங்கை இரண்டிலும் அடங்கிவிடும். சீம்பாலை விரலில் தொட்டு அம்மா அதன் வாயில் வைத்தாள். ரெண்டு சொட்டு இறங்கியது. பாட்டிலைக் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொண்டது.

"மிளகுகிட்ட பால் கீதே! அதுகிட்ட விடலாம்மா" என்றாள் ஜோதிகா.

விட்டுப் பார்த்தார்கள். மிளகு பொடிக்குட்டியை ஒரு தடவை மோந்தது. உடனே தலையைக் குனிந்து ஒரே முட்டு! குட்டி உருண்டு போய் வேலியில் இடித்துக்கொண்டது.

"இது தன் குட்டி இல்லன்னு அதுக்குத் தெரியுது. மூக்குலதான் அதுக்குக் கண்ணு" என்றாள் அம்மா.

"அப்போ இந்தக் குட்டி?"

அம்மா பாட்டிலை மறுபடி எடுத்தாள்.

ஒரு பக்கம் குட்டி இல்லாத அம்மா. இன்னொரு பக்கம் பால் இல்லாத குட்டி. நடுவில் நின்ற ஜோதிகாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

தோளில் அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, கீரைக் கட்டோடு மிளகின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சாப்டு மிளகு. ஒரு வாய்."

மிளகு கீரையைப் பார்க்கவே இல்லை. மூக்கை நீட்டி டீ-ஷர்ட்டுக்குள் புதைத்தது. கத்தல் நின்றுவிட்டது.

'ம்ம்ம்' என்றது மிளகு. தொண்டைக்குள்ளேயே.

ஜோதிகா மெல்ல டீ-ஷர்ட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மிளகு மறுபடி கத்தியது. முன்னால் கொண்டுவந்தாள். மறுபடி 'ம்ம்ம்'.

"அம்மா! சீக்கிரம் வா!"

பொடிக்குட்டியின் முன்னங்கால்களைச் சட்டைக் கைகளுக்குள் நுழைத்து டீ-ஷர்ட்டை மாட்டினார்கள். ஜோதிகாவின் சட்டை அதற்கு நாலு மடங்கு பெரிசு. தரையில் இழுபடாமல் சுருட்டி, ஜோதிகா தன் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டினாள்.

"ஆட்டையே ஏமாத்துறியாடி?" என்றாள் அம்மா.

ஜோதிகாவின் கை நின்றுவிட்டது. அம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. நேற்று ராத்திரியிலிருந்து குட்டியைத் தேடிக் கத்திய ஆட்டிடம் போய்ப் பொய் சொல்வதா?

மிளகின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் சொன்னாள்: "இது உன் குட்டி இல்ல மிளகு. உன் குட்டி செத்துப் போச்சு. நான்தான் மடியில வெச்சினு இருந்தேன். இதுக்குப் பால் இல்ல. நீ குடேன்."

குட்டியைக் கீழே விட்டாள்.

மிளகு மோந்தது. தலையைக் குனிந்தது. ஜோதிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

முட்டுச் சத்தம் கேட்கவில்லை. 'சப் சப்' என்றுதான் கேட்டது. கண்ணைத் திறந்தால், டீ-ஷர்ட்டுக்கு வெளியே ஒரு பொடி வால் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மிளகு அந்த நீலத் துணியை நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் வெற்றி, குட்டியின் முதுகில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான்: "நெ... ய்... த... ல். இதும் பேரு நெய்தலாக்கா?"

"ஆமா" என்றாள் அம்மா. "சட்டையிலேயே எழுதிக்கீதே!"

எத்தனையோ நேரம் கழித்து அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் முதலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழாவில் ஜோதிகா மட்டும் வெள்ளைச் சட்டையோடு நின்றாள்.

"டீ-ஷர்ட் எங்கேம்மா?" என்று கேட்டார் பி.டி. சார் பரந்தாமன்.

"ஆட்டுக்குட்டி போட்டுகினு கீது சார்."

மைதானமே சிரித்தது. ஜோதிகா சிரிக்கவில்லை. அவள் உண்மையைத்தானே சொன்னாள்? சார் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, ஓடு" என்றார். நெய்தல் அணி மூன்றாவதாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நைனா வீட்டில் இருந்தார். குட்டி நெய்தல் இப்போது கொட்டாய் முழுக்கத் துள்ளியது. டீ-ஷர்ட் அதன் காலில் மாட்டி மாட்டி இடறியது.

"கழட்டிடலாம்மா. இத்தினி நாள் இவ பால் குடிச்சிருக்குது. இவ வாசனை வந்திருக்கும்" என்றார் நைனா.

"வரலைன்னா?"

"திரும்ப மாட்டுவோம்."

ஜோதிகா ரிப்பனை அவிழ்த்தாள். சட்டையை உருவினாள். குட்டி குளிருக்கு நடுங்குவதுபோல உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மிளகை நோக்கி ஓடியது.

மிளகு ஒரு அடி பின்னால் போனது. தலை குனிந்தது. வெற்றி அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

மிளகு குட்டியை மோந்தது. காதருகில், வயிற்றில், கடைசியில் வாலடியில் நெடுநேரம் மோந்தது. பிறகு ஜோதிகாவின் கையிலிருந்த டீ-ஷர்ட்டைப் பார்த்தது.

'ம்ம்ம்' என்றது.

சட்டையைப் பார்த்துச் சொன்னதா, குட்டியைப் பார்த்துச் சொன்னதா? மிளகு சட்டையை விட்டுத் திரும்பியது. காலை அகட்டி நின்று, குட்டிக்கு மடியைக் காட்டியது.

ஜோதிகா டீ-ஷர்ட்டை மூக்கருகே கொண்டுபோனாள். பால் வாசனை, மூத்திர வாசனை, கொட்டாய் வாசனை எல்லாம் அடித்தது. முருங்கை மரத்தடிக் குட்டியின் வாசனை அதில் இன்னும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்போ துவைக்கலாம்மா" என்றாள்.

அம்மா கையை நீட்டினாள். ஜோதிகா கொடுக்கவில்லை. "நானே துவைக்கிறேன்."

வாளியில் ஊற வைத்து, சோப்பு போட்டு, மெதுவாகக் கசக்கினாள். அலசிப் பிழிந்து, போன வாரம் சனிக்கிழமை உருவிய அதே கொடியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

நீல டீ-ஷர்ட் சொட்டுச் சொட்டாக ஈரம் வடித்துக்கொண்டிருந்தது. மிளகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நக்கிக் கொடுக்க அதற்கு ஒரு குட்டி இருந்தது.