மூன்று மணிக்குச் செம்பருந்து விழும்!

டிரிங்... டிரிங்... டிரிங்...

பாலஸ்டியர் ரோட்டு ஸ்டுடியோவில் டெலிபோன் அலறியது. டைரக்டர் ஜலாலுதீன் கோப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ, யாரு?"

"மூணு மணிக்கு உங்க செம்பருந்து பறக்கும்..." கரகரப்பான குரல். வாயில் துணியை வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. "கயிறு அறுந்துடும்! நாலாவது மாடிலேருந்து நேரா ரோட்டுக்கு!"

"டேய்! யார்டா நீ?"

லைன் செத்தது.

ஜலாலுதீன் மிச்சக் கோப்பியை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினார்.

1960. சிராங்கூன் ரோட்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் சிவப்பு முகமூடிப் போஸ்டர் ஒட்டியிருந்த வருஷம் அது. 'செம்பருந்து'! வானத்தில் பறக்கும் வீரன்... தோட்டாவுக்கு அஞ்சாதவன்... ஹீரோ அஸ்மத்!

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அஸ்மத்துக்கு நாற்காலிமேல் ஏறினாலே கால் நடுங்கும்! முகமூடிக்குள் இதுவரை பறந்ததெல்லாம் டூப் மாணிக்கம்தான்.

ஆனால் இன்றைக்குக் கடைசிச் சண்டை. முகமூடி கிழிய வேண்டும், முகம் தெரிய வேண்டும். அஸ்மத்தே தொங்கியாக வேண்டும்.

போன் விஷயம் ஐந்தே நிமிஷத்தில் ஸ்டுடியோ பூராவும் பரவியது. அஸ்மத் ஓடி வந்தார்.

"ஷூட்டிங்க கேன்சல் பண்ணிடுங்க சார்! எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு!"

"கேன்சலா? அந்தக் கட்டடத்த நாளைக்கு இடிக்கப் போறாங்க லா! இன்னிக்கு விட்டா ஷாட் இல்ல, ஷாட் இல்லன்னா படமே இல்ல. போலீஸக் கூப்பிடுறேன், போதுமா?"

"போ... போலீஸா?"

அஸ்மத்தின் முகம் இன்னும் வெளுத்தது.

ஃபேரர் பார்க். நாலு மாடிக் கட்டடம். மொட்டை மாடியின் விளிம்பைத் தாண்டி ஓர் உத்திரம் நீண்டிருந்தது. அதில் கப்பி. கப்பி வழியாகக் கறுப்புக் கம்பிக்கயிறு. ஒரு முனை மாடியில், கொக்கியோடு. இன்னொரு முனை தெருவில், கயிற்றுக்காரர் காதர் மைதீன் கையில்.

இன்ஸ்பெக்டர் பரமசிவம் கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவினார்.

"பழுது ஒண்ணும் தெரியலையே, பாய்."

"எப்படித் தெரியும்? இருபது வருஷம் ஹார்பர்ல சுமை தூக்குனவன் நான். நான் தொங்காத கயித்துல அடுத்தவன தொங்க விடமாட்டேன். காலைலயே தொங்கிப் பாத்துட்டேன்!"

இன்ஸ்பெக்டர் டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"மூணு மணி ஷாட்னு எப்ப முடிவாச்சு?"

"நேத்துவரைக்கும் நாலு மணிதான். வெயில் போயிடும்னு இன்னிக்குக் காலைலதான் மாத்தினேன்."

பரமசிவம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஆறு போலீஸ்காரர்களைக் கயிற்றைச் சுற்றி நிறுத்தினார். எறும்பு கடிக்க வந்தாலும் தெரிந்துவிடும்!

மணி 2.55.

மொட்டை மாடியில் இரண்டே பேர். செம்பருந்து உடையில் அஸ்மத். வில்லனின் அடியாள் வேஷத்தில் மாணிக்கம். முகமூடியைக் கிழிப்பது அவன்தான். அஸ்மத்தின் முதுகு பெல்ட்டில் கொக்கியை மாட்டிவிடுவதும் அவன் வேலைதான்.

"மாட்டிட்டியா மாணிக்கம்?"

"பயப்படாதீங்கண்ணே. கயிறு பத்திரம். போலீஸே காவல் நிக்குது!"

தெருவிலிருந்து ஒலிபெருக்கிக் குழாயில் டைரக்டரின் குரல் எழும்பி வந்தது.

"ஸ்டார்ட் காமிரா... ஆக்‌ஷன்!"

மாணிக்கம் பாய்ந்தான். ஒரு குத்து... ஒரு உலுக்கு... சர்ர்ரென்று முகமூடி கிழிந்தது. அஸ்மத்தின் முதுகு கைப்பிடிச் சுவரில் மோதியது. அடுத்த நொடி இடுப்புக்கு மேலே உடம்பு வெட்டவெளியில் சாய்ந்திருந்தது!

மாணிக்கம் குனிந்து அவர் காதில் சொன்னான்.

"அண்ணே... கொக்கிய மாட்டல."

"எ... என்னது?"

"திரும்பிப் பாருங்க."

அஸ்மத் பார்த்தார். கொக்கி ஒரு முழம் தள்ளி, காற்றில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது!

பயம் என்றால் அப்படி ஒரு பயம்! மாணிக்கத்தின் கை சட்டையை விட்டால்... நாலு மாடி... தார் ரோடு...

"மாணிக்கம்! வேணாம்! நான் உனக்கு என்னடா பண்ணேன்?"

"ரெண்டு வருஷம் முந்தி, லாரிலேருந்து குதிக்கிற ஷாட். நீ மாட்டேன்னுட்ட. எங்கண்ணன் குதிச்சான். செத்தான். மறுநாள் பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமா? 'நடிகர் அஸ்மத் மயிரிழையில் தப்பினார்!' எங்கம்மா பேப்பரத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'எம்மவன் பேர் எங்கடா'ன்னு கேட்டுச்சு."

"மாணிக்கம்..."

"எங்கண்ணன் பேரச் சொல்லு! சொன்னா மேல இழுக்குறேன். சொல்லு!"

அஸ்மத் யோசித்தார். மூளையைப் பிறாண்டினார். மூன்று படம் தனக்காக விழுந்தவன்... தினமும் சலாம் வைத்தவன்... 'டூப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். 'டேய் டூப்பு, இங்க வாடா!' பேர்... பேர்... அவர் ஒருநாளும் கேட்டதே இல்லை!

"தெரியல..." அஸ்மத் வாய்விட்டு அழுதார். "காப்பாத்துங்க! யாராச்சும் காப்பாத்துங்க!"

கீழே ஜலாலுதீன் துள்ளிக் குதித்தார்.

"ஆஹா! என்னா நடிப்பு! கண்ணுல தண்ணி வருது பாருங்க! கட் பண்ணாதீங்க, ஓடட்டும்!"

தெருவில் கூடியிருந்த கூட்டம் விசிலடித்தது. அஸ்மத் அலற அலறக் கைதட்டல் கூடியது.

காதர் மைதீன் மட்டும் மேலே பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஆள் வெளியே சாய்ந்தால் கயிறு விறைக்க வேண்டும். கையில் சுமை ஏற வேண்டும். ஏறவே இல்லை!

"இன்ஸ்பெக்டர்! கயிறு காலி! கொக்கில ஆள் இல்ல! ஓடுங்க!"

பரமசிவம் படிக்கட்டை நோக்கிப் பறந்தார். முதல் மாடி... இரண்டாம் மாடி... எட்டாது!

காதர் மைதீன் டைரக்டரின் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினார்.

"மாணிக்கம்! டேய் மாணிக்கம்! வடமலை தம்பி!"

மேலே மாணிக்கத்தின் தலை சட்டென்று தெருப் பக்கம் திரும்பியது. அண்ணன் செத்த பிறகு அந்தப் பேரை இந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

"வடமலைய லாரிச் சக்கரத்துலேருந்து தூக்குனது நான்டா! என் மடிலதான் உசுரு போச்சு! 'தம்பியப் பாத்துக்கங்க பாய்'னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனான். வடமலைக்கு நான் குடுத்த வாக்கப் பொய்யாக்காதடா!"

வடமலை... வடமலை... ஃபேரர் பார்க் முழுக்க அந்தப் பேர் கேட்டது.

சட்டையைப் பிடித்திருந்த மாணிக்கத்தின் விரல்கள் தளர்ந்தன. ஒரு விரல் விட்டது... இன்னொரு விரல்...

சடாரென்று அஸ்மத்தை உள்பக்கம் இழுத்துத் தரையில் போட்டான். பிறகு சுவரோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த பரமசிவம் கைவிலங்கை மாட்டினார்.

"கொல்லப் போறத போன் பண்ணி வேற சொல்றியா? என்னா திமிர்!"

மாணிக்கம் நிமிர்ந்தான்.

"போனா? நான் பண்ணல சார். கொல்ல வர்றவன் போன் பண்ணிச் சொல்லிட்டா வருவான்? ரெண்டு வருஷமா ஆத்திரம் இருந்துச்சு, வழி தெரியல. கயிறு அறுந்துடும்னு போன் வந்துச்சாம்னு காலைல சொன்னாங்க. அப்பத்தான் தோணுச்சு. எல்லாரும் கயித்தையே பாப்பாங்க... கொக்கிய யாரும் பாக்க மாட்டாங்கன்னு!"

பரமசிவம் நோட்டைப் புரட்டினார். மாடியேறி வந்த டைரக்டரைக் கேட்டார்.

"நாலு மணிய மூணு மணியா மாத்துனத முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"அஸ்மத்துக்கிட்டதான். போன் வர்றதுக்கு முந்தி வேற யார்கிட்டயும் சொல்லல லா!"

எல்லாருடைய கண்களும் தரையில் கிடந்த செம்பருந்தின்மேல் திரும்பின.

"பயமா இருந்துச்சு சார்..." அஸ்மத் முகத்தை மூடிக்கொண்டார். "மேல ஏற பயம். மிரட்டுனா கேன்சல் பண்ணிடுவாங்கன்னு நெனச்சு, கர்ச்சீப்ப வாயில வச்சு..."

தன் சாவுக்குத் தானே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்!

"நீங்களும் ஜீப்புல ஏறுங்க" என்றார் பரமசிவம்.

அஸ்மத் எழுந்தார். மாணிக்கத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் டைரக்டரைப் பார்த்தார்.

"சார்... டைட்டில்ல வடமலை பேரப் போடுங்க. என் பேருக்கு மேல."

"போடுறேன்" என்று தலையாட்டிய ஜலாலுதீன், ஒரு பெருமூச்சு விட்டார்.

"அஸ்மத்! பத்து வருஷத்துல நீ ரெண்டே தடவதான் நல்லா நடிச்சிருக்க. ஒண்ணு போன்ல... அதுல மூஞ்சி தெரியல. இன்னொண்ணு இந்த மாடில... அது நடிப்பே இல்ல லா!"