சிவப்புத் தட்டு இன்சுலின்

காலை 8.10. இலவச மருத்துவமனையின் மருந்தறையில் சிவப்புத் தட்டு காலியாகக் கிடந்தது.

"ஐயையோ, அஞ்சும் போச்சே!" என்று தலையில் கைவைத்தாள் நர்ஸ். எதையும் விடாமல் துருவுவதால் அவளுக்குத் துருவி அக்கா என்றே பேர்.

போனவை ஐந்து இன்சுலின் பேனாக்கள். குளிர்பெட்டி கோளாறில் உறைந்து வீணான மருந்து. குப்பைக்கு என்று முந்தாநாள் மதியம் அவள்தான் ஒதுக்கி வைத்தாள். உருகியபின் பார்க்க நல்லதுபோலவே இருக்கும். போட்டால் பச்சைத் தண்ணீர்தான். அதை நம்பி யாராவது போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இப்போதே ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பூட்டு உடையவில்லை. சாவி அவளைத் தவிர மூன்று பேரிடம் இருந்தது. வெளியே இன்சூரன்ஸ் இல்லாத முப்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.

8.20. மருந்து கொடுக்கும் தம்பி.

"வித்துட்டியா?"

"நல்லாருக்கே! விக்கிறவன் பக்கத்துல இருக்கிற நல்ல பேனாவை விட்டுட்டா போவான்?"

நியாயம்தான். பேனாவில் மாட்டும் ஊசிமுனைப் பெட்டியையும் யாரும் தொடவில்லை. எடுத்தவர் வீட்டில் ஊசிமுனை ஏற்கெனவே இருக்கிறது.

8.30. ஓய்வுபெற்ற டாக்டர்.

"மூணு நாளா நான் ஊர்லயே இல்லம்மா. இப்பதான் பெட்டியோட வந்து இறங்குறேன்."

8.35. பதிவு மேசைக்காரர். கம்பெனி மூடி எட்டு மாதமாக வேலையில்லை. இங்கே சம்பளமில்லாமல் பேர் பதிகிறார். கூச்சப்பட்டு வாசலில் தயங்குபவர்களைச் சிரித்துப் பேசி உள்ளே அழைப்பவர்.

"அண்ணே, மருந்தறைக்குள்ள போனீங்களா?"

"முந்தாநாள் சாயந்திரம். கூட்டிப் பெருக்க." கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தார். "இரும்மா, பாத்ரூம் போயிட்டு, தண்ணியும் பிடிச்சிட்டு வரேன்."

வந்தார், குடித்தார்.

"வேற யாராவது வந்தாங்களா?"

"இல்லம்மா. ஒரு நிமிஷம், திரும்பவும் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

8.50. மூவரையும் கூப்பிட்டாள்.

"எடுத்தது நீங்கதான் அண்ணே. கால் மணி நேரத்துல ரெண்டு பாட்டில் தண்ணி, ரெண்டு தடவை பாத்ரூம். சர்க்கரைக்காரங்க வந்தா நான் கேக்குற முதல் கேள்வியே அதுதான். கண்ணு முன்னாடி நடந்தும் எனக்குத் தோணல பாருங்க! ரெண்டு நாளா வீணாப்போன மருந்தைப் போட்டிருக்கீங்க."

அவர் முகம் சுருங்கியது. "வேலையோட இன்சூரன்ஸும் போச்சும்மா. தேதி தாண்டினதுன்னு நினைச்சேன். குப்பைக்குத்தானே போகுதுன்னு... நல்லதைத் தொட மனசு வரல. அது வெளிய டோக்கனோட நிக்கிறவங்களுக்கு உள்ளது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடுற நானே எப்படிம்மா வந்து நிக்கிறது?"

சோதித்தாள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் பதறி எழுந்தார்.

"எனக்கு முன்னாடி முப்பது பேர் இருக்காங்க," என்றார் பதிவு மேசைக்காரர் பிடிவாதமாக.

துருவி அக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவை விரியத் திறந்தாள். வாசலில் முதலாவதாக நின்ற கட்டட வேலைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேரே உள்ளே வந்தாள்.

"போன மாசம் வாசலோட திரும்பிப் போக இருந்தேன். விடாம உள்ள கூட்டிட்டு வந்தது நீங்கதானே?" தன் டோக்கனை அவர் கையில் திணித்தாள். "இந்தாங்கண்ணே, ஒண்ணாம் நம்பர். போய்ப் படுங்க."