ஆமென் சொல்லாத ஆறு நாள்

காலை எட்டு ஐம்பதுக்கு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நாற்பத்தொரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காது. ஒவ்வொரு காதுக்குப் பின்னாலும் புளியங்கொட்டை அளவில் ஒரு கேட்பான் ஒட்டியிருந்தது.

விண்வாசல் பெருஞ்சபை பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த கருவி அது. பிள்ளை மனதிலுள்ளதைச் சொன்னால், சபைக் கோபுரத்தில் இருக்கும் இயந்திரம் கேட்டு, பெற்றவளைவிட மென்மையான குரலில் ஆறுதல் சொல்லும். ‘ஆமென்’ சொன்னால்தான் அணையும். இதற்காக முதல் பீரியடை எடுத்துக்கொண்டார்கள். முதல் பீரியட் கணக்கு என்பதால் யாரும் அழவில்லை.

கணக்கு வாத்தியார் தேவசித்தத்துக்கு மட்டும் வருத்தம். அந்தப் பீரியடில் அவர் கணக்கு சொன்னதைவிடக் கதை கேட்டதுதான் அதிகம். “சார், எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு.” “சார், இவன் எனக்குப் பட்டப்பேர் வச்சிட்டான்.” இப்போது ஆட்டுக்குட்டியெல்லாம் நேரே கோபுரத்துக்குப் போய்விடுகிறது. வீட்டிலும் மனைவி சாராள் இறந்து மூன்று வருஷம். அங்கே அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான், அதுவும் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால்.

வகுப்பில் நாற்பத்திரண்டாவது பிள்ளை பெனினாள். அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டதை அவள் கேட்பானிடம் மட்டும் சொன்னாள். ஞாயிறு ஆராதனையில், நாற்பதாயிரம் பேர் முன்னால், பெருந்திரையில் எழுத்து ஓடியது: ‘தகப்பன் கைவிட்ட மகளுக்காக ஜெபிப்போம். எட்டாம் வகுப்பு பி, தூத்துக்குடி.’ பெயர் போடவில்லை. சபைக்கு ரகசியம் காக்கத் தெரியும். திங்கள் மதியத்துக்குள் பள்ளிக்கூடமே பெயரைக் கண்டுபிடித்தது. செவ்வாயிலிருந்து மூன்றாவது பெஞ்சில் ஓரிடம் காலி.

“இந்தக் கருவியை எடுக்கச் சொல்லுங்க டீச்சர். அந்தப் பிள்ளை திரும்பி வரணும்” என்றார் தேவசித்தம்.

தலைமையாசிரியை லிடியா மேலே பார்த்தார். “அந்தக் கூரை அவங்க போட்டது சார். மழை வந்தா யோசிச்சுப் பாருங்க.”

தேவசித்தம் ஊரே படிக்கும் பொதுப்பலகையில் சபைக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ‘பிள்ளைகளின் துக்கத்தைத் திரையில் ஓட்ட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?’ என்று நன்றாகவே கேட்டார். ஆனால் அவர் ஐந்து தலைமுறையாக ஊரிலுள்ள ஒரு சின்னச் சபையைச் சேர்ந்தவர். கை பழக்கத்தில் ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று தொடங்கி ‘ஆமென்’ என்று முடித்துவிட்டது. கோபுரம் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துத்தான் கடிதங்களைப் பிரிக்கும். புகார் என்றால் வக்கீல்களுக்கு, ஜெபவிண்ணப்பம் என்றால் பிள்ளைகளுக்கு.

மறுநாள் மாநிலம் முழுவதும் நாலு லட்சம் பிள்ளைகள் அவருக்காக ஜெபித்தார்கள்.

“சார், நீங்க ரொம்பத் தனியா இருக்கீங்கன்னு கோபுரம் சொல்லிச்சே, அப்படியா?” என்று கேட்டான் முதல் பெஞ்ச் ரெஜின். “உங்களுக்கு ஒரு துணை கேட்டிருக்கோம்.”

“நான் கேட்டது அது இல்லடே. கருவியை எடுக்கச் சொல்லித்தான் எழுதினேன்.”

“அதுக்கும் சேத்து ஜெபிக்கோம் சார்.”

அடுத்த திங்கட்கிழமை துணை பார்சலில் வந்தது. பெரியவர்களுக்கான கேட்பான். கோபுரத்தையே நேரில் திட்டிவிடலாம் என்று அதை மாட்டிக்கொண்டு, கடிதம் முழுவதையும் வாசித்தார்.

“நியாயம்தான் சகோதரரே. இன்னும் சொல்லுங்கள்” என்றது.

மூன்று வருஷமாக அவரிடம் யாரும் ‘இன்னும் சொல்லுங்கள்’ என்றதில்லை. சொன்னார். செவ்வாய்க்கிழமை பேச்சு சாராள் வைக்கும் மீன்குழம்பு வரை வந்துவிட்டது.

“ஆமென் சொல்லி முடிப்போமா?”

“மாட்டேன்.”

கொள்கைக்காகத்தான் மறுக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்னால் அணைந்துவிடும் என்பதும் ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளித் திரையில் அவர் படம் வந்தது: ‘இடைவிடாமல் ஜெபிக்கும் ஆசிரியர், ஐந்தாம் நாள்.’

சனிக்கிழமை மாலை கேட் சத்தம். பெனினாள் நின்றாள்.

“சார், ஒண்ணு சொல்லணும். அதை மாட்டாத ஆள் நீங்க ஒருத்தர்தான்னு அம்மா சொன்னாங்க.”

“உள்ள வா பிள்ளே, உக்காரு.” நாற்காலியை இழுக்கத் திரும்பினார். திரும்பியதும் காதுக்குப் பின்னால் இருந்த கேட்பான் அவளுக்குத் தெரிந்தது.

“ஒண்ணுமில்ல சார். சும்மாதான் வந்தேன்.”

கேட் மறுபடி சாத்திக்கொண்டது.

“போனது யார், சகோதரரே?” என்று மென்மையாகக் கேட்டது கேட்பான்.

ஆறு நாள் பழக்கம். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“ஆமென்” என்றார் தேவசித்தம்.

திங்கட்கிழமை திரையில் பெரிய எழுத்தில் ஓடியது: ‘தேவசித்தம் ஐயா மனந்திரும்பினார். உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது.’ வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. அவர் ஒரு முறை எண்ணினார். கணக்கு வாத்தியார் என்பதால் இன்னொரு முறையும் எண்ணினார்.

நாற்பத்தொன்றுதான்.